கார்பன் நைட்ரைடு, நீல ஒளி: ஸ்டெம் செல் நியூரானாகிறதா, வெறும் தோற்றமா?

கேள்வி:
எலும்பு மஜ்ஜை மீசன்கைமல் ஸ்டெம் செல்களை (எலும்பு, கொழுப்பு செல்களாக மாறக்கூடியவை) நீல ஒளியால் நியூரானாக்கப் பார்க்கிறேன். கிராஃபிட்டிக் கார்பன் நைட்ரைடு பூசிய கண்ணாடி, மேலே செல் ஒட்ட லாமினின் புரதம். 450 நானோமீட்டர் எல்இடி, சதுர செ.மீ.க்கு 10 மில்லிவாட், தினம் 20 நிமிடம், 7 நாள். சீரம் இல்லாத மீடியம் (செல் வளர்க்கும் திரவம்). செல்கள் கிளைத்து நிற்கின்றன, நியூரானின் அடையாளப் புரதத்தைக் காட்டும் டியூஜ்-1 பளிச்சென்று வருகிறது. ஆனால் பூச்சே இல்லாமல் ஒளி மட்டும் பட்ட வெல்லிலும் (தட்டின் குழியிலும்) பாதிக்குப் பாதி அப்படித்தான். எம்டிடி-யில் (உயிருள்ள செல் ஊதாவாக்கும் சாயச் சோதனை) உயிருள்ள செல்கள் அதிகம் என்கிறது, மைக்ராஸ்கோப்பில் குறைவாகத் தெரிகிறது. எங்கே இடிக்கிறது?

பதில் 1:
முதலில் எம்டிடி-யை விடுங்கள். கார்பன் நைட்ரைடு ஒளிவினையூக்கி. வெளிச்சம் பட்டால் செல் இல்லாமலே அந்தச் சாயத்தை ஒடுக்கி ஊதா ஆக்கிவிடும். செல் போடாத பூச்சில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். நியூக்ளியஸ் எண்ணுவதே மேல். அதற்கு டாபி (நியூக்ளியஸை நீலமாகக் காட்டும் சாயம்) வேண்டாம்: பூச்சு தானே நீலத்தில் ஒளிரும், பின்னணி முழுக்க மூடிவிடும். தூரச் சிவப்புச் சாயம் எடுங்கள்.

அடுத்தது டோஸ். 10 மில்லிவாட், 1200 நொடி என்றால் சதுர செ.மீ.க்கு 12 ஜூல். நீல ஒளியில் மீடியத்தின் ரைபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) செல்லுக்குக் கேடான ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். அமிலநிலையைச் சீராக வைக்கச் சேர்க்கும் ஹெப்பீஸ் இருந்தால் இன்னும் மோசம். பூச்சில்லாத வெல்லின் மாற்றத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒளி காட்டும் நேரத்துக்கு மட்டும் மீடியத்தை எடுத்து 37 டிகிரியில் இருட்டில் வைத்துவிட்டு, குளுக்கோஸ், கால்சியம், மெக்னீசியம் உள்ள, ஃபீனால் ரெட் சாயம் இல்லாத உப்புக் கரைசலை ஊற்றுங்கள். 2 மில்லிவாட், 1 நொடி எரிந்து 4 நொடி அணையட்டும். அதே 20 நிமிடத்தில் 0.48 ஜூல்தான். அங்கிருந்து ஏற்றிக்கொண்டே போகலாம். மில்லிவாட்டைச் செல் இருக்கும் மட்டத்தில் அளக்க வேண்டும். கீழிருந்து ஒளி காட்டினால் பூச்சே ஒரு பங்கை விழுங்கிவிடும்.

பதில் 2:
எனக்குப் பெரிய சந்தேகம் டியூஜ்-1 மேல்தான். மீசன்கைமல் செல்கள் எதுவும் செய்யாமலே அதையும், நரம்பு ஸ்டெம் செல்லின் அடையாளமான நெஸ்டினையும் காட்டுவதுண்டு. சீரத்தை எடுத்தாலோ செல்லுக்கு அழுத்தம் கொடுத்தாலோ ஆக்டின் சட்டகம் சுருங்கி, ஓரம் உள்ளே இழுபட்டு, மிஞ்சிய இழை நியூரைட் (நியூரானின் கிளை) போலத் தெரியும். டைம்-லாப்ஸ் எடுங்கள்: நுனி முன்னேறினால் வளர்ச்சி, உடல் பின்வாங்கினால் சுருக்கம். சில மணி நேரத்திலேயே "நியூரான்" வந்துவிட்டால் நம்பாதீர்கள். செல்லின் மின்னோட்டத்தை அளக்கும் பேட்ச்-கிளாம்ப்பில், 1 மைக்ரோமோலார் டெட்ரோடோடாக்சினுக்கு (சோடியம் வழியை அடைக்கும் நஞ்சு) அடங்கும் சோடியம் மின்னோட்டம் வர வேண்டும். அது வராவிட்டாலும் வேலை வீணில்லை, நரம்பை வளர்க்கும் புரதங்களான பிடிஎன்எஃப், என்ஜிஎஃப் சுரப்பை எலைசாவில் (ஆன்டிபாடி கொண்டு புரதத்தை அளக்கும் சோதனை) பாருங்கள். நரம்பைச் சீராக்க இந்தச் செல்கள் உதவுவது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

கேட்டவர்:
நன்றி. உடலுக்குள் நீல ஒளி எட்டாதே, 980 நானோமீட்டர் அகச்சிவப்பை நீல ஒளியாக்கும் அப்கன்வர்ஷன் துகள் சேர்க்கலாமா?

பதில் 1:
இட்டர்பியம், தூலியம் கலந்த சோடியம் இட்ரியம் ஃபுளூரைடு 450, 475-இல் ஒளி தரும், ஆனால் மிகக் குறைவாக. 980-ஐத் தண்ணீர் உறிஞ்சிச் சூடாகும். நியோடிமியம் சேர்த்து 808-க்கு மாறினால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும். பாஸ்பேட் கரைசலில் மேலுறை இல்லாத துகள் மெல்லக் கரையும், காப்பு உறை போடுங்கள். லேசர் இல்லாமல் அதே அளவு சூடேற்றிய வெல் ஒன்றும் கன்ட்ரோலில் இருக்கட்டும்.