போனில் ரயில் ரேடியோ: வெறும் இரைச்சல்தான் வருகிறது, அவசர உதவி தேவை

கர்வ்_பார்வையாளர்:
வணக்கம். நாளை மறுநாள் மகனை அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ரயில் பாதை குதிரை லாடம் போல வளையும் ஹார்ஸ்ஷூ கர்வுக்கு அழைத்துப் போகிறேன். ரயில்காரர்கள் பேசுவதைப் போனிலேயே கேட்கலாம் என்று படித்துவிட்டு எல்லாம் வாங்கி வைத்தேன். அங்கே ரயில்காரர்கள் பேசும் 160.800 மெகாஹெர்ட்ஸ் போட்டால் ஸ்ஸ்ஸ் என்ற சத்தம் மட்டும்தான். இரண்டு மணி நேரமாக முயல்கிறேன். என்ன தப்பு?

சிக்னல்_கம்பம்:
என்ன போன்? ஆண்ட்ராய்டா, ஐபோனா? "எல்லாம் வாங்கினேன்" என்றால் என்னென்ன?

இரவு_சரக்கு:
இயர்போன் சொருகினீர்களா? போனில் இருக்கும் எஃப்எம் ரேடியோவுக்கு அந்த ஒயர்தான் ஆன்டெனா. எனக்கு அதைச் செருகாமல் எதுவும் வராது.

பழைய_கார்டு:
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாகிவிட்டது. கேட்பதற்கு முன் கொஞ்சம் தேடிப் பார்க்கலாம். இரவு_சரக்கு, போனுக்குள் இருக்கும் எஃப்எம் 108 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். ரயில் பேச்சு 160, 161 பக்கம். இயர்போனை எத்தனை முறை சொருகினாலும் வராது. அடிப்படை தெரியாமல் பதில் சொல்ல வேண்டாம்.

மலையேறி:
போனில் செருகும் ரேடியோ டாங்கிள் எதுவும் வேண்டாமே. பிராட்காஸ்டிஃபை என்ற தளத்தில் ஆர்வலர்கள் தங்கள் வீட்டு ஸ்கேனர் ரேடியோவில் கேட்பதை இணையத்தில் விடுகிறார்கள். ஆப்பைத் திறந்து கேட்டால் போதும். நான் அப்படித்தான் கேட்கிறேன்.

சிக்னல்_கம்பம்:
வீட்டிலிருந்து கேட்க அது நல்ல வழி. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நிற்பவருக்குச் சரிப்படாது. ஒலி தாமதமாக வரும். "வருகிறது" என்று கேட்பதற்குள் வண்டி போய்விட்டிருக்கும். மலைக்குள் போன் சிக்னலும் வேண்டும்.

கர்வ்_பார்வையாளர்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஆண்ட்ராய்டு. ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற ரேடியோ டாங்கிள், அதைப் போனோடு இணைக்கும் ஓடிஜி கேபிள், டிரைவர் ஆப் எல்லாம் இருக்கிறது. ஆல்டூனாவில் ஹோட்டல் அறைக்குள்ளிருந்து முயல்கிறேன். பெட்டியில் வந்த ஆன்டெனாதான்.

சரக்கு_நேசன்:
எனக்குத் தெரிந்து இப்போது எல்லாம் பிடிசிக்கு மாறிவிட்டது. அது 220 மெகாஹெர்ட்ஸ். அதனால்தான் 160இல் ஒன்றும் கேட்கவில்லை. டிஜிட்டல் ஆகிவிட்டது, இனி போனில் கேட்க முடியாது.

பழைய_கார்டு:
தவறு. பிடிசி என்பது வண்டி வேகத்தைக் கண்காணித்து, ஓட்டுநர் தவறினால் தானே பிரேக் போடும் பாதுகாப்பு ஏற்பாடு. 2008 செப்டம்பரில் கலிபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில் 25 பேர் இறந்த விபத்துக்குப் பிறகு சட்டமாகி, 2020 முடிவில் நிறைவேறியது. 220இல் போவது அதன் தரவு. குரல் 160இலேயேதான் இருக்கிறது.

சரக்கு_நேசன்:
குரலும் டிஜிட்டலாகிறது என்று நானே படித்தேன். என்எக்ஸ்டிஎன் என்று ஒரு முறை உண்டு.

பழைய_கார்டு:
திட்டம் வேறு, நடப்பு வேறு. 2013இல் எல்லோரும் 12.5 கிலோஹெர்ட்ஸ் குறுகிய பட்டைக்கு வரவேண்டியிருந்தது, வந்தார்கள். பெரிய பாதைகளில் ஓடும் வண்டிகளோடு பேசும் சேனல் இன்றும் பெரும்பாலும் அனலாக் எஃப்எம்தான். படித்ததை முழுதாகப் படியுங்கள்.

மலையேறி:
பழைய_கார்டு சார், விவரம் சரியாக இருக்கலாம். கொஞ்சம் மென்மையாகச் சொன்னால் புதியவர்களும் கேட்பார்கள். மகனோடு ரயில் பார்க்க வந்தவர் அவர்.

சிக்னல்_கம்பம்:
இதை அப்புறம் பேசலாம். நண்பரே, முதலில் 160.800ஐ விட்டுவிடுங்கள். அங்கே அரை மணி நேரம் யாரும் பேசாமலே இருக்கலாம். அதை வைத்து டாங்கிள் சரியா என்று கண்டுபிடிக்கவே முடியாது. எப்போதும் ஒலிக்கும் ஒன்றை வைத்துச் சோதியுங்கள். அமெரிக்க அரசின் நோவா வானிலை வானொலி 162.400 முதல் 162.550 வரை ஏழு அலைவரிசைகளில் இரவும் பகலும் பேசிக்கொண்டே இருக்கும். ரயில் பட்டைக்குப் பக்கத்து வீடு மாதிரி. அது கேட்டால் கருவி சரி, கேட்காவிட்டால் கோளாறு உங்கள் பக்கம்.

அப்படிச் சோதிக்கும்போது மூன்றைப் பாருங்கள். ஆப்பில் முறை குறுகிய பட்டைக்கான என்எஃப்எம் ஆக இருக்க வேண்டும். பாட்டு வானொலிக்கான டபிள்யூஎஃப்எம்மில் விட்டால் குரல் இரைச்சலில் அமுங்கிப்போகும். இரண்டாவது, மலிவு டாங்கிளில் அலைவரிசையை நிர்ணயிக்கும் படிகம் கொஞ்சம் விலகியிருக்கும். 60 பிபிஎம் (பத்து லட்சத்தில் 60 பங்கு) விலகினால் 160இல் அது கிட்டத்தட்ட 10 கிலோஹெர்ட்ஸ், குறுகிய பட்டையில் பேச்சே நழுவிவிடும். வானிலைக் குரல் சரியான எண்ணில் வந்து உட்காரும் வரை பிபிஎம்மைத் திருத்துங்கள். மூன்றாவது ஆன்டெனா. கால் அலைநீளம் சுமார் 47 சென்டிமீட்டர். குட்டிக் கம்பியை அவ்வளவுக்கு நீட்டி, காந்த அடியை ஏதாவது இரும்புத் தகட்டின் மேல் வையுங்கள், ஜன்னலோரமாக.

பழைய_கார்டு:
நல்ல பதில். ஒன்று சேர்க்கிறேன். டாங்கிள் போனின் மின்சாரத்தைத்தான் குடிக்கும், பேட்டரி வேகமாக இறங்கும். கையில் பவர் பேங்க் இருந்தாலும் சாதாரண ஓடிஜி கேபிளில் இரண்டையும் ஒன்றாகச் செருக முடியாது. சார்ஜ் துளையும் உள்ள கேபிள் வாங்குங்கள். மகனுக்கு நல்ல பயணமாக அமையட்டும்.

இரவு_சரக்கு:
வண்டிகளுக்கு உத்தரவு சொல்லும் டிஸ்பேட்சர் மட்டும் தெளிவாகக் கேட்டு மறுமுனை கேட்காவிட்டால் பயப்பட வேண்டாம். டிஸ்பேட்சர் குரல் மலைமேல் கோபுரத்திலிருந்து வரும். வண்டியிலிருந்து பேசுவது பக்கத்தில் வந்தால்தான் கேட்கும். இதையாவது சரியாகச் சொல்கிறேன் என்று நினைக்கிறேன்.

சிக்னல்_கம்பம்:
சரியாகத்தான் சொன்னீர்கள். ஏற்றத்தில் பின்னால் தள்ளும் இன்ஜின்காரர் முன்னால் இருப்பவரோடு பேசுவதும் அங்கே கேட்கும். கேட்கத் தவறாதீர்கள்.

மலையேறி:
என்ன ஆயிற்று? போனீர்களா?

சரக்கு_நேசன்:
நானும் என் டாங்கிளை வானிலையில் வைத்துப் பார்த்தேன். 41 பிபிஎம் விலகல். இத்தனை நாள் டிஜிட்டல்தான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

கர்வ்_பார்வையாளர்:
தாமதத்துக்கு மன்னிக்கவும். டபிள்யூஎஃப்எம்மில்தான் இருந்தது. மாற்றியதும் வானிலை கேட்டது, பிபிஎம்மும் திருத்தினேன். இன்று கர்வில் முதலில் வந்தது, கடந்துபோகும் வண்டியில் கோளாறு உண்டா என்று பார்த்துச் சொல்லும் தண்டவாள டிடெக்டரின் இயந்திரக் குரல், "நோ டிஃபெக்ட்ஸ்" (கோளாறு இல்லை). மகன் வேலியைப் பிடித்துக்கொண்டு "அப்பா, வருது" என்றான். கொஞ்ச நேரத்தில் நிலக்கரி வண்டி வளைவுக்குள் வந்தது, பின்னால் இரண்டு இன்ஜின் தள்ளிக்கொண்டு. எல்லோருக்கும் நன்றி. பேட்டரி 9 சதவீதம், பிறகு எழுதுகிறேன்.