வாக்குக் கேட்டு வந்த கமக்காரர்: நோர்வேயில இருக்கிற ஆக்கள் உங்கட அனுபவத்தையும் எழுதுங்கோ

யேரன்வாசி:
கொம்யூன் (உள்ளூராட்சி) தேர்தலில வாக்குப்போட நோர்வேக் குடியுரிமை தேவையில்லை, மூண்டு வருசம் தொடர்ந்து இஞ்ச இருந்தாச் சரி. இதை எனக்குச் சொன்னதே அயலில மாடு வைச்சிருக்கிற கமக்காரர்தான். ஆள் சென்ரர் கட்சி, கொம்யூன் சபையில உறுப்பினர். 1920இல விவசாயிகள் கட்சியாத் தொடங்கி, 1959இல பேர் மாத்தின கட்சி. "எனக்குத்தான் எண்டில்லை, ஆருக்காவது போடு" எண்டார். வேற கட்சிச் சீட்டிலயும் அவற்ர பேரை எழுதிப் போடுற சனம் இருக்கு.

பாலும்பனியும்:
அட, அவரோ! அவர் லீவில நிக்கேக்க மாற்றாளா அந்தக் கொட்டிலில வேலை செய்தனான். அவரும் நிண்ட ஒருநாள் இரவு பசு கண்டு போடக் காத்துக்கொண்டிருக்கிறம். மனுசன் வாளியைக் கவிட்டுப்போட்டு அதில குந்தி, ஐபாட்டில அடுத்த சபைக் கூட்டத்துக்கான வரவுசெலவுத் திட்டம் வாசிக்கிறார். கண்டின்ர கால் தெரியத்தான் அதைக் கீழ வைச்சார். திரையெல்லாம் சாணி.

ஒஸ்லோக்காரன்:
ஆள் நல்லவராத்தான் இருப்பார், ஆனா 2013இல வெளிநாட்டுக் கட்டிச் சீஸுக்கு 277 வீத வரி போட்டதும் இவையின்ர கட்சி அமைச்சர் இருக்கேக்கதான். ஐரோப்பிய ஒன்றியத்தில சேர வேண்டாமெண்டு 1994 வாக்கெடுப்பில முன்னுக்கு நிண்டதும் இவைதான். விலையைக் குடுக்கிறது நாங்களெல்லே?

யேரன்வாசி:
அதை அவரிட்டயே கேட்டனான், தம்பி. "நாட்டு நிலத்தில மூண்டு வீதமளவுதான் பயிர்நிலம். அதையும் விட்டா எங்க போறது?" எண்டார். எனக்கு முழுக்கச் சரியாப் படேல்ல, வரி கொஞ்சம் ஓவர்தான். ஆனா ஒண்டு சொல்லவேணும். சைக்கிள் பாதையொண்டு அவற்ர புல்வயலால போகப்போகுதெண்டு சபைக்கு வந்த அண்டைக்கு நான் பார்வையாளர் பக்கத்தில இருந்தனான். "இதில எனக்குச் சம்பந்தம் இருக்கு" எண்டு தானே எழும்பிச் சொன்னார். சபையும் ஒத்துக்கொள்ள, மாற்று உறுப்பினர் வந்து அவற்ர இடத்தில இருக்க, இவர் வந்து என்ர பக்கத்துக் கதிரையில குந்தினார். நல்ல கொட்டில் மணம். அவ்வளவு நேரமும் ஒரு சொல் இல்லை. பாதை போடுறதெண்டு முடிவாச்சு. திரும்பப் போய் இருந்து, அடுத்ததா வந்த பள்ளிக்கூடக் கூரை ஒழுக்கைப் பற்றிச் சண்டை பிடிக்கத் தொடங்கீட்டார்.