ஸ்பிட்ஃபயர் வெற்று பாடி: தரையும் சில்லும் மாற்றிய பிறகு கதவு சாத்த மாட்டேன் என்கிறது, உதவி தேவை

தேயிலைத்தூள்:

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் இருக்கிறேன். மூன்று மாதமாக ஒரு கதவோடு மல்லுக்கட்டுகிறேன்.

வண்டி 1965 ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 2, கூரையில்லாத இரண்டு சீட் பிரிட்டிஷ் கார். சேஸிஸ் நம்பர் எஃப்.சி. என்று தொடங்குகிறது. ஒரு எஸ்டேட்டின் பழைய உரக்கிடங்கில் பொட்டாஷ் மூட்டைகளுக்கு நடுவே முப்பது வருடத்துக்கு மேல் கிடந்தது. நான் வாங்கும்போது எஞ்சின் ஒரு மூலையில், கியர்பாக்ஸ் ஒரு மூலையில், மீதியெல்லாம் நான்கு தேயிலைப் பெட்டிகளில். ஒரு பெட்டியில் எலி குட்டி போட்டிருந்தது. பாடியைச் சேஸிஸிலிருந்து கழற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்பி சாண்ட் பிளாஸ்டிங் செய்தேன். திரும்பி வந்தபோது தரை இருந்த இடத்தில் சல்லடைதான் இருந்தது.

இங்கே ஒரு டிங்கர் அண்ணன் வேலையை எடுத்துக்கொண்டார். ஜீப்பும் பிக்கப்பும் அவர் தட்டினால் புதுசு மாதிரி வரும். இரண்டு பக்கத் தரையையும், கதவுக்குக் கீழே ஓடும் சில்லையும் 18 கேஜ் சி.ஆர். தகட்டில் புதிதாக மடித்து வெல்டு வைத்தார். சில்லை அவர் ரன்னிங் போர்டு என்கிறார். இருவரும் அரை நாள் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

இப்போது கதவை மாட்டினால் இடது பக்கம் பின்தூணில் மேலே இடிக்கிறது. கீழே சுண்டுவிரல் நுழைகிறது. கதவின் பக்கக் கோடும் பின்முனையில் கொஞ்சம் தாழ்ந்து நிற்கிறது. வலது பக்கமும் இதே நோய்தான், அளவு குறைவு. கதவைத்தான் வளைக்க வேண்டும், ரெண்டு நூல் விஷயம் என்கிறார் அண்ணன். எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று. கோவையில் அடித்த பிரைமரில் அங்கங்கே கொப்புளம் வருகிறது. இங்குள்ள பனியால்தானா?

36ஆம் வளைவு:

கீலில் வாஷர் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால் கதவு ஓரத்தைக் கிரைண்டரில் லேசாக இழைத்துவிட்டு பட்டி போட்டுவிடலாம். என் ஃபியட்டுக்கு அப்படித்தான் செய்தேன், எட்டு வருடமாக ஓடுகிறது. இல்லாவிட்டால் பாடியை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே மாருதி எஞ்சின் போட்டு ஜாலியாக ஓட்டுங்கள்.

ஹெரால்டு வாத்தியார்:

தம்பி, கிரைண்டரைத் தள்ளி வையுங்கள். கதவு ஒரு தப்பும் செய்யவில்லை.

முதலில் கதவை அரைவாசி திறந்து பின்முனையைக் கையால் தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீல் பின் தேய்ந்திருக்கிறது. ஆட்டமே இல்லாமல் கோடு தாழ்ந்திருந்தால் தூண் சாய்ந்திருக்கிறது. அப்புறம் ஒரு கேள்வி: வெல்டு வைக்கும்போது பாடி எதன் மேல் இருந்தது?

தேயிலைத்தூள்:

ஆட்டம் இல்லை சார். பாடி இரண்டு பீப்பாய்களின் மேல் இருந்தது. ஒன்று எஞ்சின் வரும் இடத்தில், ஒன்று டிக்கிக்குக் கீழே. அடியில் குனிந்து வேலை செய்ய வசதியாக இருக்கும் என்று அப்படி வைத்தோம். சேஸிஸ் வெளியே தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது.

ஹெரால்டு வாத்தியார்:

சரி, அங்கேதான் கோளாறு. ஹெரால்டோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன், நம் ஊருக்குப் புரிந்த வண்டி அதுதான்.

ஹெரால்டை 1961இலிருந்து சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்தது. எழுபதுகளில் நாலு கதவோடு கேசல் என்றும் வந்தது. ஸ்பிட்ஃபயர் அதே ஹெரால்டின் சேஸிஸை வெட்டிக் குறுக்கியது. இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. ஹெரால்டின் வீல்பேஸ் 91.5 அங்குலம், ஸ்பிட்ஃபயருக்கு 83. ஆனால் குறுக்கியபோது இன்னொன்றையும் எடுத்துவிட்டார்கள். ஹெரால்டுக்கு நடு முதுகெலும்போடு இரண்டு பக்கமும் சட்டங்கள் ஓடும், பாடி அதன் மேல் சும்மா உட்காரும். கூரையை போல்ட்டு கழற்றி இறக்கினால்கூட அது அசராது. ஸ்பிட்ஃபயரில் பக்கச் சட்டம் இல்லை. அந்த வேலையைச் சில் செய்கிறது. உள்தகடு, நடுவில் பலத் தகடு, வெளித்தகடு என்று மூன்றும் சேர்ந்த பெட்டி அது. பின் சக்கரத்தை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கிற ரேடியஸ் ஆர்ம்கூட ஸ்பிட்ஃபயரில் பாடியில்தான் போல்ட்டு ஆகிறது.

கூரையும் இல்லாத வண்டி, சில்லையும் அறுத்தாகிவிட்டது. இரண்டு முனையைப் பீப்பாயில் தூக்கி வைத்தால் நடு தொங்கும், ஈரத் துணியைக் கொடியில் போட்ட மாதிரி. தொங்கும்போது முன்தூணும் பின்தூணும் மேலே ஒன்றை ஒன்று நெருங்கும், கீழே விலகும். அந்த நிலையில் வெல்டு வைத்ததால் தொங்கல் அப்படியே உறைந்துவிட்டது. முன்தூணில் தொங்குகிற கதவு அதோடு சேர்ந்து சாய்ந்ததால்தான் கோடு தாழ்கிறது.

நம்பிக்கை இல்லையென்றால் சோதித்துப் பாருங்கள். பாடி பீப்பாயில் இருக்கும்போதே சில்லின் நடுவில் ஒரு பலகை, அதன் கீழே ஸ்க்ரூ ஜாக்கி. மெல்லத் தூக்குங்கள். மேல் இடைவெளி விரிந்தால் நான் சொன்னது சரி. விரியாவிட்டால் வேறு காரணம் தேடலாம்.

சிங்காநல்லூர் லேத்து:

வாத்தியார் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்க. சோதிக்கும் முன் அளவு எடுத்து எழுதி வைங்க. கதவு இடைவெளி மேலே, நடுவே, கீழே என்று ஒவ்வொரு பக்கமும் மூன்று இடம். கதவு வாய்க்குள் இரண்டு மூலைவிட்டம். நூல் கணக்கு வேண்டாம், மில்லிமீட்டரில் எழுதுங்க. ரெண்டு நூல் என்றால் 6 மில்லிக்கு மேலே; ஸ்பிட்ஃபயர் கதவில் மொத்த இடைவெளியே 4, 5 மில்லிதான் இருக்கணும்.

சேஸிஸையும் பாருங்க. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். நாலு மூலையிலும் ஒரே தண்ணீர் மட்டம் வருதா என்று பாருங்க. ரசமட்டம் வேண்டாம், அவ்வளவு நீளத்துக்கு அது ஏமாற்றும்.

தேயிலைத்தூள்:

அளந்துவிட்டேன். இடது பின் இடைவெளி மேலே 1, நடுவே 5, கீழே 9. வலது மேலே 3, கீழே 7. ஜாக்கி வைத்து இடது சில்லை நடுவில் தூக்கினேன். மேலே 1 இருந்தது 2 ஆனது. அண்ணன் பக்கத்திலேயே நின்றார். ஒன்றும் பேசவில்லை, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு இன்னொரு தடவை இறக்கித் தூக்கச் சொன்னார்.

சேஸிஸ் 1 மில்லிக்குள் மட்டமாக இருக்கிறது. ஆனால் பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் வரும் பேக்கிங்குகளில் நான்கு குறைகின்றன. தேயிலைப் பெட்டியில் தேடினேன், எலி வீட்டுக்கு அடியில் இரண்டு கிடைத்தன.

பட்டி பெயின்டர்:

நான் கொப்புளத்துக்கு வருகிறேன். எங்கே வருகிறது? தட்டையான தகட்டிலா, இரண்டு தகடு சேரும் மடிப்பிலா? என்ன பிரைமர்?

தேயிலைத்தூள்:

எல்லாம் மடிப்பு ஓரத்தில்தான். தட்டையான இடம் சுத்தமாக இருக்கிறது. ரெட் ஆக்சைடு அடித்தார்கள்.

பட்டி பெயின்டர்:

அப்படியானால் பனியை மட்டும் குறை சொல்லாதீர்கள். உரக்கிடங்கு என்றீர்கள் அல்லவா, பொட்டாஷ் என்பது உப்புதான். பொட்டாசியம் குளோரைடு. மடிப்புக்குள் புகுந்த உப்பை மணல் எட்டாது. மேலே பிரைமர் அடித்ததும் உப்பு வெளி ஈரத்தை உள்ளே இழுத்துக் கொப்புளம் கட்டுகிறது. ரெட் ஆக்சைடு ஈரத்தைத் தடுக்காது, விட்டுவிடும்.

கொப்புளம் உள்ள மடிப்புகளைச் சுரண்டுங்கள். பிரஷர் வாஷரில் வெந்நீர் விட்டு மூன்று நான்கு தடவை மடிப்புக்குள் அடியுங்கள். உடனே காற்றடித்து, ஹீட் கன் காட்டி உலர்த்துங்கள். அன்றைக்கே எபாக்ஸி பிரைமர். மறுநாள் என்று தள்ளினால் கோத்தகிரியில் காலையில் தகடு மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருக்கும். பனி இறங்கும் மாலையில் ஸ்பிரே கன்னைத் தொடவே தொடாதீர்கள். காலை பத்திலிருந்து இரண்டுக்குள் முடித்துவிடுங்கள். ஷெட்டு மண்தரையாக இருந்தால் பாலிதீன் விரித்துவிட்டு வண்டியை நிறுத்துங்கள்.

பழைய ஒட்டுகளில் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். துத்தநாகப் புகையில் வெல்டு வைத்தால் ராத்திரி குளிர்க்காய்ச்சல் வரும். எனக்கு வந்திருக்கிறது, மலேரியா என்று நினைத்து ரத்தம் சோதித்தார்கள்.

ஹெரால்டு வாத்தியார்:

சரி, இப்போது வைத்தியம். பீப்பாய்களை உருட்டி வெளியே தள்ளுங்கள். சேஸிஸைச் சக்கரம் வரும் இடங்களில் ஸ்டாண்டு வைத்து மட்டமாக நிறுத்துங்கள். எல்லாப் பேக்கிங்கும் போட்டுப் பாடியை இறக்கி போல்ட்டுகளை முறுக்குங்கள். குறைகிற பேக்கிங்கை அலுமினியத் தகட்டில் வெட்டிக்கொள்ளலாம். இங்கேயே இடைவெளி கொஞ்சம் திருந்தும். எவ்வளவு என்று எழுதி வையுங்கள்.

பிறகு முன்தூணுக்கும் பின்தூணுக்கும் நடுவே ஒரு அங்குலச் சதுரக் குழாய். நடுவில் திருகி நீட்டுகிற மாதிரி போல்ட்டு வைத்த குழாயாக இருக்கட்டும், சிங்காநல்லூர் தம்பி செய்து தருவார். வெளிச் சில்லை அறுத்து, நடுத் தகட்டின் வெல்டையும் விடுவியுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் அறுக்காதீர்கள். கதவை மாட்டி வைத்துக்கொண்டே குழாயைத் திருகி விரியுங்கள். இடைவெளி சீரானதும் புள்ளி புள்ளியாகப் பிடித்து, கதவை நாலு தடவை சாத்திப் பார்த்து, அப்புறம்தான் வெல்டு. கேஸ் வெல்டிங் வேண்டாம், சூடு தகட்டை இழுத்துவிடும். சி.ஓ.டூ வெல்டிங்கில் ஒரு அங்குலம் முன்னால், ஒரு அங்குலம் பின்னால் என்று மாற்றி மாற்றி, ஆறவிட்டு.

அண்ணனைக் குறை சொல்லாதீர்கள். அவர் தட்டிய ஜீப்புக்கு முழு ஏணிச் சட்டம் உண்டு, பாடியைப் பீப்பாயிலும் வைக்கலாம், மரத்திலும் கட்டித் தொங்கவிடலாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முன் சக்கரத்தின் கீழ்முனையில் பித்தளை மாதிரி ஒரு ட்ரன்னியன் இருக்கும், ஹெரால்டில் உள்ளதேதான். அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, இ.பி. 90 கியர் ஆயில்தான். கிரீஸ் மரை வரை போகாது, உள்ளே தண்ணீர் தங்கி இரும்பு மரை துருப்பிடித்து ஒருநாள் முறியும். குன்னூர் மலைப்பாதையில் பர்லியாருக்கு மேலே ஒரு வளைவில் முன் சக்கரம் மடங்கிப் படுத்த ஹெரால்டைப் பார்த்திருக்கிறேன். மெதுவாக ஏறிக்கொண்டிருந்ததால் ஆள் தப்பித்தார். இறங்கும்போது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியவில்லை.

36ஆம் வளைவு:

கிரைண்டர் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் ஃபியட்டையும் ஒரு தடவை அளந்து பார்க்கணும் போல. மாருதி எஞ்சின் மட்டும் இன்னும் நல்ல யோசனைதான்.

சிங்காநல்லூர் லேத்து:

இல்லைங்க. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் விதியில் வண்டிக்கு 50 வயது தாண்டியிருக்கணும், சேஸிஸ், பாடி, எஞ்சினை மாற்றி அமைத்திருக்கக் கூடாது. 1965 வண்டி வயதில் தேறிவிடும், மாருதி எஞ்சினில் விழுந்துவிடும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், நம்பரில் வி.ஏ. என்று வரும். தினமும் கடைக்குப் போக ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி மாதிரி காரியங்களுக்குத்தான். பழைய ஆர்.சி. உயிரோடு இருந்தால் முதலில் அதைக் காட்டி ஊட்டி ஆர்.டி.ஓ.வில் கேளுங்க. சில் வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வைங்க.

குழாய்க்கு அளவு அனுப்புங்க. இடது மரை ஒரு பக்கம், வலது மரை ஒரு பக்கம் போட்டுத் தருகிறேன், திருக லேசாக இருக்கும்.

தேயிலைத்தூள்:

பதினெட்டு நாள் கழித்து வருகிறேன். இடையில் ஐந்து நாள் மழை, கரண்டும் இல்லை.

பேக்கிங் எல்லாம் போட்டு முறுக்கியதும் இடது மேல் இடைவெளி 1இலிருந்து 2.5 ஆனது. மீதிக்கு இடது சில்லை அறுத்தோம். வெல்டு விட்ட நொடியில் தகடு டங்கென்று ஒரு சத்தம் போட்டுத் தானே ஒரு மில்லி விலகியது. அண்ணன் கையை எடுத்துக்கொண்டு, "உள்ளே இழுத்துப் பிடிச்சுட்டுதான் இருந்திருக்கு" என்றார். குழாயை முக்கால் சுற்றுத் திருகினோம். இப்போது மேலே 4.5, நடுவே 5, கீழே 5. கோடு நேராக இருக்கிறது. கதவை ஒரு விரலால் தள்ளினால் டொக் என்று விழுகிறது. அண்ணன் அதையே பத்துத் தடவை செய்துகொண்டிருந்தார், டீ ஆறிப்போனது.

வெந்நீர் வைத்தியமும் ஆயிற்று. மடிப்பிலிருந்து முதலில் கலங்கல் தண்ணீர் வந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. செய்திருக்கக் கூடாதுதான்.

அடுத்த வாரம் வலது பக்கம். இடது குழாயை இப்போதே கழற்றலாமா? பெயின்ட் வேலைக்குக் குறுக்கே நிற்கிறது.

ஹெரால்டு வாத்தியார்:

கழற்றாதீர்கள் தம்பி. வலது சில் முழு வெல்டும் முடியட்டும், பாடி போல்ட்டுகளை இன்னொரு சுற்று முறுக்குங்கள், அப்புறம் இரண்டு குழாயையும் ஒன்றாக எடுங்கள். எடுக்கும் முன் அளவு, எடுத்த மறுநாள் காலை அளவு, இரண்டையும் இங்கே போடுங்கள். அரை மில்லிக்கு மேல் மாறியிருந்தால் பெயின்டரைக் கூப்பிடாதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள்.