‘விகடகவி’க்கு ஏன் ஃபால்ஸ் வருகிறது? (ஜாவா, லிங்க்டு லிஸ்ட்)

அல்சூர்_அணில்:
திங்கட்கிழமை பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் இன்டர்வியூ. சிங்கிளி லிங்க்டு லிஸ்ட் (ஒவ்வொரு நோடும் அடுத்த நோடை மட்டும் காட்டும் சங்கிலி) பாலிண்ட்ரோமா, அதாவது இருபக்கமிருந்து படித்தாலும் ஒன்றா என்று பார்க்கும் கோட் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு நோடாக நகரும் ஸ்லோ, இரண்டிரண்டாகத் தாவும் ஃபாஸ்ட் என்ற பாயிண்டர்களால் நடுவைப் பிடித்து, ஸ்லோவுக்கு அடுத்த நோடிலிருந்து பின்பாதியைத் திருப்பி ஒப்பிடுகிறேன். 1→2→3→2→1 போட்டால் ட்ரூ. ‘விகடகவி’யை ஒரு நோடுக்கு ஒரு சார் (char, ஜாவாவில் ஒற்றைக் குறி) என்று போட்டால் ஃபால்ஸ். எங்கே தப்பு?

நோடு_நோண்டி:
அல்காரிதத்தில் இல்லை, நோடில் நீங்கள் போடுவதில். நமக்கு அது 5 எழுத்து; யூனிகோடில் 7 குறி (கோட் பாயிண்ட்). ‘வி’ என்பது வகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று. முதல் நோடில் வகரம், கடைசி நோடில் இகரக் குறி. எப்படிப் பொருந்தும்? ஜாவா 9 முதல் ரெகெக்ஸில் (எழுத்து வடிவங்களைத் தேடும் முறை) பேக்ஸ்லாஷும் பெரிய எக்ஸும் (\X) போட்டால் முழு எழுத்தாகப் பிரித்துத் தரும். அதற்கு முன் என்எஃப்சி நார்மலைஸ் (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறி வடிவங்களை ஒன்றாக்குவது) செய்யுங்கள். ‘கொ’வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டாகவும் எழுதலாம், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

அல்சூர்_அணில்:
நன்றிங்க. நோடை ஸ்ட்ரிங்காக மாற்றிவிட்டேன். இப்போதும் ஃபால்ஸ்!

நோடு_நோண்டி:
== போட்டிருப்பீர்கள். சாருக்கு அது சரி. ஸ்ட்ரிங்குக்கு அது மதிப்பைப் பார்க்காது, ஒரே ஆப்ஜெக்டா என்றுதான் பார்க்கும். ஈக்வல்ஸ் போடுங்கள்.

கேஆர்புரம்_காக்கா:
தம்பி, 1→2→3→1 கொடுத்துப் பார்த்தீர்களா? ‘ஃபாஸ்டும் ஃபாஸ்டின் நெக்ஸ்டும் (அடுத்த நோடும்) நல் (null, அங்கே நோடு இல்லை) ஆகாதவரை’ என்று லூப் ஓடினால் ஸ்லோ 3-இல் போய் நிற்கும். அதற்கு அடுத்ததிலிருந்து திருப்பினால் கையில் மிஞ்சுவது 1 மட்டும். அதை முதல் 1-உடன் ஒப்பிட்டு ட்ரூ என்று பொய் சொல்லும். ஃபாஸ்டின் நெக்ஸ்ட், அதன் நெக்ஸ்ட் இரண்டும் நல் ஆகாதவரை ஓட்டுங்கள்; ஸ்லோ 2-இல் நிற்கும். ஒற்றைப்படை நீளத்துக்கும் இதுவே போதும். ஆனால் ஹெட் (முதல் நோடு) ‘நல்’தானா என்று முதலிலேயே பார்க்காவிட்டால் காலி லிஸ்டில் எக்செப்ஷன்.

இன்டர்வியூவில் அடுத்து கேட்பது, லிஸ்டைப் பழையபடி வைத்தாயா என்று. வைக்காவிட்டால் 1→2→3→2→1-இல் ஹெட்டிலிருந்து நடந்தால் 1, 2, 3, 2 வரைதான் வரும்; கடைசி 1-ஐ எட்ட முடியாது. பலர் மதிப்பு பொருந்தாத இடத்திலேயே ரிட்டர்ன் செய்துவிடுவார்கள். விடையை ஒரு பூலியனில் (ட்ரூ அல்லது ஃபால்ஸ் வைக்கும் வேரியபிள்) வையுங்கள், பின்பாதியை மறுபடி திருப்பி ஸ்லோவின் நெக்ஸ்டில் மாட்டுங்கள், பிறகு ரிட்டர்ன். இன்னொரு த்ரெட் (கூடவே ஓடும் இன்னொரு வேலை) அதே லிஸ்டைப் படிக்கும் என்றால், நடுவில் லிஸ்ட் மாறியிருக்கும் என்பதால் இந்த வழியே கூடாது. பேசாமல் ஸ்டாக் (கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கு) வைத்து ஓ(என்) இடம், அதாவது லிஸ்டின் நீளத்துக்கேற்ற இடம் செலவழிக்கலாம்.