புதுப்பிப்பு: வேதியியல் பி.எஸ்சி.யிலிருந்து கெமிக்கல் இன்ஜினியரிங்

முந்தைய இழையில் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே கெமிக்கல் இன்ஜினியரிங் எம்.எஸ்சி. படிப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். "முடித்தால் பி.இ. (Professional Engineer, அதாவது பதிவுபெற்ற பொறியாளர்) ஆகலாமா?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள்.

பொதுவாக, அது மட்டும் போதாது. பதிவுபெற்ற பொறியாளர் ஆவதற்குச் சிங்கப்பூரின் பொறியாளர் வாரியம் முதலில் பார்ப்பது இளங்கலைப் பொறியியல் பட்டத்தைத்தான். சிங்கப்பூர் 2006-இல் சேர்ந்த வாஷிங்டன் ஒப்பந்தமும் (நாடுகள் ஒன்றின் பொறியியல் பட்டத்தை மற்றொன்று ஏற்பதற்கானது) அந்தப் பட்டத்துக்கானதே. அதன் பிறகுதான் அடிப்படைத் தேர்வு, நான்காண்டு அனுபவம், தொழில்முறைத் தேர்வு. ஆனால் சிங்கப்பூரின் வேதி ஆலைகள் இருக்கும் ஜூரோங் தீவில் பிராசஸ் (ஆலை உற்பத்தி முறை) வேலைக்குப் போக இந்தப் பதிவு அவசியமில்லை. ஆகவே வேலைதான் குறி என்றால் எம்.எஸ்சி. நல்ல வழி. இரண்டாவது இளங்கலைக்குப் போகிறவர்கள் கட்டணத்தை முதலில் கேளுங்கள். ஏற்கெனவே அரசு மானியத்தில் பட்டம் படித்தவருக்கு மறுபடி கிடைக்காது.

வகுப்பில் இடறுவது வினைகளில் அல்ல, அளவில். 250 மி.லி. குடுவையில் அடங்கிக் கிடக்கும் வெப்ப உமிழ்வினையை 5 கன மீட்டர் கலனுக்கு மாற்றுங்கள். கன அளவு 20,000 மடங்கு. அதே வடிவத்தில் சுவர்ப்பரப்பு சுமார் 740 மடங்குதான். ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் குளிர்பரப்பு ஏறக்குறைய 27-இல் ஒரு பங்காகிவிடும். ஜாக்கெட் (கலனைச் சுற்றியுள்ள குளிர்விப்பு உறை) மட்டும் சமாளிக்காது: உள்ளே காயில் (குளிர்விக்கும் குழாய்ச்சுருள்) வேண்டும், அல்லது வினைபொருளைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குடுவையோடு பழகியவர்களுக்கு இது உறைக்க நாளாகும்.

சேரும் முன் பொருள் சமநிலைக் கணக்கு, அதாவது உள்ளே போகும், வெளியே வரும் பொருளின் கணக்கு (மறுசுழற்சி, சுற்றோட்டத்தில் ஒரு பகுதியை வெளியேற்றும் பர்ஜ் உட்பட), பாய்ம இயக்கவியல், வெப்பப் பரிமாற்றம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். பர்ஜை மறந்தால் மந்த வாயு சுற்றிச் சுற்றிச் சேர்ந்துகொண்டே போகும். விடை வரவே வராது.