கொழும்பு வெள்ளவத்தையில் முதல் ஃபிளாட்: சைன் பண்ண முன் என்ன பார்க்கணும்?

கேள்வி: விலை 2 கோடி பேசி முடிந்தது. அட்வான்ஸ் 10 வீதம் கேட்கிறார்கள். வெறும் ரசீதோடு கொடுக்கலாமா?

பதில் 1: வேண்டாம். விற்பனை உடன்படிக்கையை நொத்தாரிசு முன், 2 சாட்சிகளோடு எழுதுங்கள். ரசீதை வைத்து ஃபிளாட்டை எழுதித் தரச் சொல்லி வழக்காட ஏலாது. உரித்தில் (சொத்துரிமையில்) குறை வந்தால் அட்வான்ஸ் முழுக்கத் திரும்பும் என்று உடன்படிக்கையிலேயே இருக்கட்டும். உடன்படிக்கையையும் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். பலர் விடுவது இதைத்தான்.

பதில் 2: உங்கள் லோயர் 30 வருட உறுதித் தொடரை (சொத்து யார் யாரிடம் கைமாறி வந்தது என்ற பத்திரங்களை) பார்க்கட்டும், விற்பவரின் லோயர் அல்ல. ஃபிளாட் என்றபடியால் கூட்டு ஆதன வரைபடம் (ஒவ்வொரு ஃபிளாட்டையும் பொதுப் பகுதிகளையும் பிரித்துக் காட்டும் பிளான்) பதியப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் யூனிட்டுக்குத் தனி உறுதி கிடையாது, பேங்க் லோனும் சிக்கல். பார்க்கிங் அந்த வரைபடத்தில் இருக்கா? வாய்ப்பேச்சை நம்பாதீங்க. சோலைவரி (மாநகர சபை வரி), பராமரிப்புக் கட்டண நிலுவை ரசீதுகளும் வேண்டும்.

பதில் 3: முத்திரைத் தீர்வை வாங்குபவர் தலையில்: முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4. 2 கோடிக்கு 7,99,000 ரூபா. நொத்தாரிசு கட்டணம் வேறு. உறுதி எழுதும் நாள் காலையில் காணிப் பதிவேட்டை இன்னொருக்கா பாருங்கள், இடையில் ஈடு (அடமானம்) ஏறியிருக்கலாம்.