பொட்டாஷ் மூட்டையில் வைத்தால் கைகர் கருவி படபடவென்று அடிக்கிறது, பயப்பட வேண்டுமா?

களத்துமேடு (கேள்வி):
மகனின் பள்ளிச் செயல்திட்டத்துக்காக கதிரியக்கத்தை அளக்கும் ஒரு சின்ன கைகர் கருவி வாங்கினேன். சும்மா உர மூட்டைகள் மேலும் வைத்துப் பார்த்தேன். யூரியாவில் வீட்டுக்குள் காட்டும் அதே 20 சொச்சம் துடிப்புகள்தான், நிமிடத்துக்கு. டி.ஏ.பி.யில் கொஞ்சம் கூடியது. பொட்டாஷில் 50-ஐத் தாண்டிவிட்டது. இருபது வருடமாக வெறுங்கையால் தூவுகிறேன். பிள்ளைகள் அந்த அறையில்தான் ஒளிந்து விளையாடுவார்கள். நேற்று ராத்திரி தூக்கமே இல்லை.

மண்வாசம்:
உரப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தேன். முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள்.

கருவி கேட்டது பொட்டாசியம்-40, அதாவது பொட்டாசியத்தின் கதிரியக்க வகை. எந்தப் பொட்டாசியத்திலும் 0.0117 சதவீதம் அதுதான். பொட்டாஷில் கிலோவுக்கு சுமார் 16,000 பெக்கரல், அதாவது நொடிக்கு அத்தனை அணுக்கள் சிதைகின்றன. உங்கள் உடம்புக்குள்ளேயே 4,000 பெக்கரல் இருக்கிறது! உடம்பு தனக்கு வேண்டிய பொட்டாசியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். அதனால் அது உள்ளே சேர்ந்துகொண்டே போகாது.

டி.ஏ.பி. கதை வேறு. அதைச் செய்யும் பாஸ்பேட் பாறையில் இயல்பாகவே யுரேனியமும், அது சிதைந்து உண்டாகும் ரேடியமும் உண்டு. பாறையை அமிலத்தில் கரைக்கும்போது ரேடியம் பெரும்பாலும் ஜிப்சத்தோடு ஒதுங்கும், யுரேனியம் உரத்தோடு வந்துவிடும். கிலோவுக்கு 1,000 பெக்கரல் என்றே வையுங்கள், 50 கிலோ மூட்டைக்கு 50,000. ஒரு ஏக்கரில் மேல்மண் மட்டும் ஏறக்குறைய 900 டன். அதில் ஏற்கெனவே இருக்கும் யுரேனியம் சுமார் 3 கோடி பெக்கரல். நீங்கள் சேர்ப்பது ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை.

களத்துமேடு:
சரி, அப்போது எதில்தான் கவனமாக இருக்க வேண்டும்?

மண்வாசம்:
தூசியில். பாஸ்பேட் உரத் தூசி நுரையீரலுக்குள் போகக் கூடாது. மூட்டை அவிழ்க்கும்போது முகக்கவசம், தூவும்போது கையுறை, காற்று வரும் பக்கத்துக்கு முதுகு. அப்புறம், அதே பாறையிலிருந்து வரும் காட்மியம் என்ற நச்சு உலோகம்தான் எனக்கு யுரேனியத்தைவிடப் பெரிய கவலை. அது பயிர் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தில் பல வருடம் தங்கும். ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு வரம்பே வைத்திருக்கிறது, ஒரு கிலோ பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்கு (உரத்தில் பாஸ்பேட் அளவை இப்படித்தான் கணக்கிடுவார்கள்) 60 மில்லிகிராம். மண் பரிசோதனை செய்து, தேவைக்கு மேல் பாஸ்பேட் போடாதீர்கள்.

வரப்போரம்:
புகை பிடிப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். புகையிலை இலையின் பிசுபிசுப்பான ரோமங்களில் பொலோனியம்-210 என்ற கதிரியக்கப் பொருள் ஒட்டிக்கொள்கிறது. பாஸ்பேட் உரமும் அதற்கு ஒரு காரணம். என் அண்ணனிடம் இதைச் சொல்லிச் சொல்லித்தான் பீடியை விட வைத்தேன்.

களத்துமேடு:
இருவருக்கும் நன்றி. காலையிலேயே அந்த அறையைக் கூட்டப் போனேன், தூசி கிளம்பியதைப் பார்த்து நிறுத்திவிட்டு ஈரத்துணியால் துடைத்தேன். கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் போட்டாயிற்று.